வேறொன்றை மாற்றுங்கள்

தோழி,

நீ தெரிந்தே பொய்ப் பாடம் நடத்தினாய்.

லண்டனிலிருந்து நீ எடுத்த இணைய வகுப்பை, இங்கே கிசுமுவில் நம் பழைய பிரசவ வார்டில் ஆளுக்கொரு கைபேசியில் பார்த்தோம். செவிலியர் உரிமம் புதுப்பிக்க வகுப்புப் புள்ளிகள் வேண்டுமே. "குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் முகமூடி கசிந்தால் வேறொன்றை மாற்றுங்கள்" என்றாய். "வேறொன்று இல்லை" என்று எழுதி அனுப்பினேன்.

"சும்மா இருடி, வகுப்பு நீளும். புள்ளிய வாங்கிட்டுச் சாய் குடிக்கப் போவோம்" என்றாள் பக்கத்தில் இருந்த அனியாங்கோ. நீ நான் அனுப்பியதைப் படித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாய்.

நீ இங்கே இருந்தபோது நாம் இருவரும் பிளாஸ்திரி ஒட்டி வைத்த அதே முகமூடிதான் இன்னும். செவ்வாயன்று ஒரு குழந்தைக்கு மூச்சு கொடுக்கும்போதே பிளாஸ்திரி பிரிந்துவிட்டது. தொட்டிலைக் கழுவி வைத்தேன். பிறகு சாய் குடித்தேன்.

சான்றிதழ் வந்தது, நன்றி.

முன்பு எழுதியதற்கும் நீ பதில் போடவில்லை. இப்போதாவது சொல்: எதை மாற்றுவது?

உன்னோடு பிளாஸ்திரி கிழித்தவள்