அறிக்கையில் வந்த குரல்

செவ்வாய், இரவு.

போன வாரம் தேயிலைச் சரிவில் விழுந்து இறந்த செல்வியின் விபத்து அறிக்கையை சனிக்கிழமை ஏஐ செயலியிடம் எழுதச் சொன்னேன். மூடுபனி, ஈரமண், சறுக்கல் என்று மட்டும்தான் கொடுத்தேன். "உதவி கேட்டுப் பலமுறை கூப்பிட்டார்" என்ற வரியை அதுவாகவே சேர்த்திருந்தது. சரியாகப் படிக்காமல் மேனேஜர் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டேன்.

இன்று காலை அவள் கணவர் ராஜு அறிக்கையின் நகலோடு எஸ்டேட் ஆபிசுக்கு, கிளார்க்கான என்னிடம் வந்தார்.

"கிராணி, பனியில ஒருத்தி கூப்புட்டா பக்கத்து நெரையில நிக்கிறவ பதில் கொடுக்கணும் லா. யாரு கொடுக்கல?"

அது செயலி இட்டுக்கட்டிய வரி என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், "விசாரிக்கிறேன்" என்றேன்.

அவர் காத்திருக்கவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார்.

சாயங்காலம் முனியம்மா ஆபிஸ் வாசலில் வந்து நின்றாள். அன்று செல்விக்குப் பக்கத்தில் கொழுந்து பறித்தவள். ராஜு கேட்டபோது தெரியாது என்று சொல்லிவிட்டாளாம்.

"அவ கூப்புட்டது கேட்டுச்சு கிராணி. பயத்துல நான்தான் போகல. அங்க வேற யாருமே இல்லியே. ஒங்களுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அதை எப்படி அவளிடம் சொல்வது?

ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கிவிட்டது. விளக்கை அணைக்க மனம் வரவில்லை.