மழையில் எரிந்த வண்டி

மச்சான்,

இன்று காலை அம்பிட்டியத் தோட்டத்தில் கோப்பிக் களஞ்சியத்துக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றினார்கள். தண்ணீர் பட்டதும் கற்கள் சீறிப் பிளந்தன. அந்த நெடி மூக்கில் ஏறியதும் பழைய நாள் ஒன்று கண்முன் வந்து நின்றது.

பல்லேகலச் சூளையிலிருந்து நாம் இருவரும் நீற்றாத கற்சுண்ணாம்பு ஏற்றி வந்தோமே, அந்த நாள்தான். ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. வண்டியை மூடியிருந்த பாயைக் காற்று பிய்த்துப் போட்டது. சற்று நேரத்தில் மூட்டைகள் புகைந்தன. கொட்டுகிற மழையில் சாக்குகள் தீப்பிடித்து எரிந்தன. நான் விறைத்துப் போனேன். பிறகு ஓடைக்கு ஓடி வாளி நிறையத் தண்ணீர் அள்ளி வந்தேன். நுகத்திலிருந்து மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்த நீ திரும்பிப் பார்த்தாய்.

"ஊத்தாத மச்சான். தண்ணிதான் எரிக்குது."

நெருப்பை அணைக்கத் தண்ணீரை விட்டால் வேறென்ன இருக்கிறது? ஊற்றிவிட்டேன். மூட்டை வெடித்து, கொதித்த சுண்ணாம்பு உன் முகத்தில் அடித்தது. அப்போதும் நீ மாடுகளை விடவில்லை. இரண்டையும் அவிழ்த்து விரட்டிய பிறகுதான் ஓடையில் விழுந்து முகத்தைக் கழுவினாய். வெகுநேரம் கழுவியதால் ஒரு கண்ணாவது தப்பியது என்றார், கண்டியில் மருந்து கட்டியவர்.

அவர்தான் எனக்கு விளக்கினார். தண்ணீர் இரண்டு வாயுக்கள் சேர்ந்து உண்டானதாம். ஒன்று தானே எரியும். மற்றது பிறவற்றை எரியவைக்கும். அந்தத் தண்ணீரைக் கற்சுண்ணாம்பு தன்னோடு சேர்த்துக்கொள்ளும்போது அத்தனை சூடு கிளம்புமாம். தினமும் குடிக்கிற தண்ணீருக்குள் இப்படியா என்று அதிர்ந்து போனேன். பல நாள் குவளையைத் தொடவே கை கூசியது.

நீயோ எல்லோரிடமும் மழை செய்த வேலை என்று சொல்லிவிட்டாய். உன்னைக் கட்டிய என் தங்கையிடமும் அப்படித்தான் சொன்னாய் என்று நினைத்திருந்தேன். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

இன்று நெஞ்சு தாங்கவில்லை. தங்கையிடம் சொல்லத் துணிவில்லாமல் உன் மகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பதறவில்லை.

"தெரியும் மாமா. அன்னைக்கே அப்பா அம்மாகிட்ட சொல்லிட்டாரு. மாமாவே தாங்காம இருக்காரு, நீ ஒண்ணும் கேட்டுறாதன்னாராம். அம்மாதான் எனக்குச் சொன்னாங்க."

இத்தனை வருடம் என் தங்கை தெரிந்துகொண்டேதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். மச்சான், உன் கண்ணைப் பறித்த பாரத்தை எப்படியோ சுமந்துவிட்டேன். நீங்கள் எல்லோரும் என்னைப் பொறுத்துக்கொண்டதை எப்படிச் சுமப்பேன்?