காலியாக விட்ட கட்டம்

மார்ச் 4
நாலாம் நம்பர் டயாலிசிஸ் மெஷினுக்குக் காலையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர். இருவரில் ஒருவரான தையல்காரரைக் காத்திருக்கச் சொன்னார்கள். நாலு மணி நேரம். மூச்சு வாங்கி, இப்போது ஐசியூவில். புக்கிங் சாஃப்ட்வேர் நான் எழுதியது. மெஷின், தேதி, ஷிப்ட் – மூன்றும் சேர்ந்து ஒரே மாதிரி இரண்டு வரி ஏறவே கூடாது என்று டேட்டாபேஸில் விதி போட்டவளும் நான்தான். அப்புறம் எப்படி?

மார்ச் 5
மேனேஜர் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. "கவுண்டர்ல இருக்கிற அம்மா தூங்கிட்டே டைப் பண்ணியிருக்கும்." அந்தக் கவுண்டர் அக்கா ஒப்பந்த ஆள். எது நடந்தாலும் கீழே இருப்பவர் தலையில்தான் விடியும்.

அக்கா என்னிடம் கேட்டார்: "ஏண்டி, ரெண்டு பேரைப் போட்டா உன் கம்ப்யூட்டர் கத்தும்னியே. கத்தலையே?"

லேப்டாப்பைத் திறந்தேன்.

மார்ச் 6
கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

அவசர கேஸ் என்றால் ஷிப்ட் கட்டத்தைக் காலியாக விடுவது கவுண்டர் வழக்கம். இடம் கிடைக்கிற நேரத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று. அன்று காலை வந்த இருவரும் அப்படிப் பதிவானவர்கள். ஆனால் டேட்டாபேஸ் ஒரு காலியையும் இன்னொரு காலியையும் ஒன்றாகக் கருதாது. நாலாம் மெஷின், அதே தேதி, ஷிப்ட் காலி – எத்தனை பேரைப் போட்டாலும் விதி வாயே திறக்காது. அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று நான் எழுதவில்லை. ஒரே ஒரு வரி.

பழையதைத் தோண்டினேன். இதேபோல் இன்னும் ஆறு ஜோடி. ஆறு முறையும் அக்கா ஃபோனில் யாரையோ கெஞ்சி நேரம் மாற்றியிருக்கிறார். அவருக்குத்தான் தூங்குமூஞ்சிப் பட்டம்.

மார்ச் 7
சொன்னால் வேலை போகும். வீடு என் சம்பளத்தில் ஓடுகிறது. தையல்காரர் செத்துப்போனா? போலீஸ் வருமா? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? மேனேஜருக்கு இதெல்லாம் ஒரு எழவும் புரியாது –

சீ. என்னடி யோசிக்கிற.

மார்ச் 8
அக்காவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 9
பழைய காலிகளை நிரப்பினேன். ஷிப்ட் போடாமல் இனி எதுவும் ஏறாது. பிறகு மேனேஜருக்கும் பெரிய டாக்டருக்கும் மெயில்: தவறு என்னுடையது, அக்காவுடையது அல்ல. அனுப்பிவிட்டு என் மேஜை டிராயரைக் காலி செய்தேன்.

மார்ச் 10
மேனேஜர் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 12
என் கார்டுக்குக் கதவு திறக்கவில்லை. மூன்று முறை வைத்தேன். சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு கார்டை வைத்தது. பச்சை. கவுண்டர் அக்கா, இன்னொரு கையில் இரண்டு டீ.

"உன் மெயிலைப் பார்த்துட்டு என்னைத் திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. உன் தையல்காரர் எழுந்து உட்கார்ந்துட்டாரு. நர்ஸோட சண்டை போடுறாரு."

காலால் கதவைத் தடுத்துக்கொண்டு நின்றார்.

"என்னடி பார்க்கிற? கை சுடுது. வாங்கிக்க."