வீபெயின் வளைந்த குழாய்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஒன்றும் வரவில்லை. அம்மோனியாவை வெற்றிடத்துக்குள் பீய்ச்சி, ஆறு உலோகக் கம்பிகளுக்கு நடுவே ஓடவிட்டு, மின்புலத்தால் மறுமுனைவரை ஒதுக்கிக் கொண்டுபோக வேண்டும். மின்னூட்டமே இல்லாததை எப்படி மின்சாரத்தால் ஓட்டுவாய் என்று அம்மா கேட்கிறாள். ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு முனை கொஞ்சம் பிளஸ், மறுமுனை கொஞ்சம் மைனஸ். அந்தச் சின்ன ஓரவஞ்சனை போதும். போன கோடையில் குழாயைக் கட்டியதிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

வீபெக்கு வந்துவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

நேற்று அதற்குமேல் எழுதக் கை வரவில்லை. வீபெ ஃப்ரீஸ்லாந்துக்காரன், எனக்கு இரண்டு வருடம் பின்னால் ஆய்வுக்குச் சேர்ந்தவன். என் குழாய் நேரானது, அவனுடையது வளைந்தது. வளைவில் மூலக்கூறுகள் எல்லாம் மோதிச் சாகும் என்று ஊரெல்லாம் சொன்னவள் நான்தான். மூலக்கூறுகள் மறுமுனைக்கு வந்துசேர்ந்ததற்கு அடையாளமாகத் திரையில் அழகான மேடு. மின்னழுத்தத்தை அணைத்தால் மறைகிறது, போட்டால் வருகிறது. பேராசிரியர் ஆர்த் எதற்கும் "பரவாயில்லை"க்கு மேல் சொல்லமாட்டார். அவர் வீபெயின் தோளில் தட்டினார். என் தோளை இந்த நான்கு வருடத்தில் ஒருமுறை —

நானும் கைகொடுத்தேன், சிரித்தேன். தாடை வலித்தது.

முதல் மேடு கிடைத்தவர் மற்ற எல்லோருக்கும் கேக் வாங்கித் தரவேண்டும், எங்கள் ஆய்வகத்து வழக்கம். "மார்லூஸ், உங்க லிம்பர்க் பக்கம் பழம் வச்சுச் சுடற வ்லாய்தானே பேர்போனது? எந்தக் கடையில நல்லா இருக்கும்?" என்று என்னிடமே கேட்கிறான். என் ஊர் வ்லாய்! என் நாளுக்காக நான் கடையைக்கூட முடிவுசெய்து வைத்திருந்தேன். அவனுக்கு வேறு கடையைச் சொன்னேன்.

மார்ச் 10, திங்கள்

காபி நேரத்தில் செர்ரி வ்லாய். மாவு காய்ந்து வறட்டியாக இருந்தது. எல்லோரும் பிரமாதம் என்றார்கள். மார்லூஸ் சொன்ன கடை என்று அவன் ஒவ்வொருவரிடமும் பெருமையாகச் சொன்னான்.

மார்ச் 13, வியாழன்

ஆர்த் கூப்பிட்டார். ஜூனோடு என் ஒப்பந்தம் முடிகிறதே, ஆய்வேட்டில் என்ன எழுதுவாய் என்றார். வீபெயின் கட்டுரையில் இரண்டாவது பெயராகச் சேர்ந்துகொள்ளலாம், அவன் ஆட்சேபிக்க மாட்டானாம். அவன் ஆட்சேபிக்க மாட்டானா! சைக்கிளில் பாலத்தைக் கடக்கும்போது வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன். எதிர்க்காற்று, நல்லவேளை யாருக்கும் கேட்டிருக்காது.

மார்ச் 18, செவ்வாய்

வால்வு மாற்றுவதற்காக வீபெ தன் குழாய் இருக்கும் வெற்றிடக் கலத்தைத் திறந்து போட்டிருந்தான். எல்லோரும் சாப்பிடப் போனதும் டார்ச்சோடு உள்ளே எட்டிப் பார்த்தேன். எதற்கு? ஒரு கீறல், ஒரு விரல்ரேகை, ஏதாவது குறை கிடைக்காதா என்றுதான். வேறென்ன.

குறை இல்லை. மூன்று கம்பிகளை ஒரு வளையத்திலும் மற்ற மூன்றை இன்னொரு வளையத்திலும் மாட்டியிருக்கிறான். ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ், மாறிப்போக வழியே இல்லை. என்னுடையதில் ஆறுக்கும் தனித்தனி வயர். வெளியே வரிசை சரி. உள்ளே? உள்ளே என்றைக்காவது சரிபார்த்தேனா?

மார்ச் 20, வியாழன்

திறந்தேன். பிளஸும் மைனஸும் மாறிமாறி வரவேண்டிய இடத்தில் இரண்டு பிளஸ் அருகருகே. நடுவில் புலம் பூஜ்யமாக இருந்தால்தானே புலத்துக்குப் பயந்த மூலக்கூறுகள் அங்கே வந்து ஒதுங்கும்? ஒதுங்க இடமே கொடுக்காமல் வரவில்லை, வரவில்லை என்று அழுதிருக்கிறேன். முட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. வயரை மாற்றி மூடிவிட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வந்துவிட்டது! தேதியைப் பார்த்து ஆர்த் முதலில் நம்பவில்லை. வீபெயின் மேட்டைவிட உயரம்.

ஏப்ரல் 3, வியாழன்

வ்லாய் வாங்கினேன். வீபெ இரண்டு துண்டு தின்றான். "அன்னிக்கு நீ சொன்ன கடை இது இல்லையே," என்றான். இல்லை என்றேன். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மதியம் ரொட்டி டப்பாவை மறந்துவிட்டு எடுக்கத் திரும்பினால், என் கலத்தின் கண்ணாடி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறான், கையில் டார்ச். திடுக்கிட்டுத் திரும்பினான்.

"சும்மாதான். வயர் எப்படிப் போகுதுன்னு..."

அந்தச் சும்மாவை எனக்குத் தெரியாதா?

"ஜன்னல் வழியா ஒண்ணும் தெரியாது, வீபெ. திங்கக்கிழமை திறக்கிறேன், வந்து பாரு," என்றேன்.

டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன். நன்றாகப் பசித்தது.