உள்ளே இறங்கிய தீப்பெட்டி

"ஏம்பா, மூச்ச இழுத்தா வயிறு மேல வரணுமா, உள்ள போவணுமா?"

மரக்காணத்தில் நாம் சேர்ந்து தங்கியிருந்த அறையில் நீ கேட்டது. எழுபதுகளின் கேள்வி. இன்று காலை ஸ்கேன் அறையில், விலாவின் மேல் குளிர்ந்த ஜெல் பட்டதும் திரும்ப வந்தது. கொஞ்ச நாளாக எனக்கு மூச்சிரைக்கிறது.

அப்போது நாம் ஒரே பள்ளியில் வாத்தியார்கள். நான் அறிவியல், நீ கணக்கு. தோள்வலியும் காய்ச்சலுமாகக் கிடந்து எழுந்த பிறகு உன்னால் மல்லாந்து படுக்க முடியவில்லை. நாற்காலியிலேயே தூங்கினாய். மாசி மகத்தன்று ஊரோடு கடலில் இறங்கினாய். தண்ணீர் மார்புக்கு வந்ததும் திணறிக்கொண்டு கரைக்கு ஓடினாய்.

"இன்னா சார், அலைக்கே இப்படின்னா கல்யாணத்துக்கு இன்னா பண்ணுவீங்க?" என்று உப்பளத்து ஆட்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. "உனக்கு நோவு இல்லப்பா, பயம். லீவுன்னு இனிமே வராத."

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம். படத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். போட்டோவில் நிற்கிறவனுக்குக் கால் நொண்டுமா என்று எப்படித் தெரியும்? நடக்கவிட்டுப் பார்த்தால்தானே தெரியும்! திரும்பும் வழியில், பஸ் ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்களைப் பார்த்தபடி சொன்னாய்: "செத்தாதான் நம்புவானுங்க."

அன்று மாலைதான் அந்தக் கேள்வி. இருவரும் தரையில் படுத்து, வயிற்றின் மேல் ஆளுக்கொரு தீப்பெட்டி வைத்தோம். "நாலு மூச்சு தாங்குவேன், சீக்கிரம் பாரு" என்றாய். மூச்சை இழுத்தோம். என் பெட்டி மேலே வந்தது. உன்னுடையது உள்ளே இறங்கியது.

"டேய், உனக்கு எல்லாமே தலகீழா இருக்குது!"

எழுந்து உட்கார்ந்து, இரைப்பு அடங்கியதும் கேட்டாய். "அப்போ நான் நடிக்கலதானே?"

"வயித்துக்கு நடிக்கத் தெரியாதுடா."

தலைமையாசிரியரிடமும் போய்ச் சொன்னேன். "தீப்பெட்டிய வச்சா லீவு கேக்குறீங்க?" என்றார். பிறகு உன்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள். சில வருடங்கள் கழித்துச் செய்தி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய்.

இன்று ஸ்கேன் எடுத்த பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவே ஒரு கறுப்புப் பட்டை. அதுதான் உதரவிதானமாம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த வாணலி போல இருக்கும் தசை என்று எத்தனை வருடம் பாடம் நடத்தியிருப்பேன்! கண்ணால் பார்த்தது இன்றுதான்.

"மூச்ச இழுங்க தாத்தா. பாருங்க, பட்டை தடிக்குது. உங்களுக்கு நல்லா வேலை செய்யுது."

"செய்யலன்னா?"

"தடிக்காது, கீழ இறங்கி வயித்த வெளிய தள்ளாது. ஆளால மல்லாந்து படுக்க முடியாது. மூச்சு இழுத்தா வயிறு உள்ள போவும்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஜெல்லைத் துடைக்கத் துணி கொடுத்தாள். ஒரு நிமிடம் எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. உன்னை நம்புவதற்கு ஒருத்தி வந்துவிட்டாள். நீதான் இல்லை.

வீட்டுக்கு வந்து தீப்பெட்டியை வைத்துப் படுத்தேன். மேலே வந்தது. பக்கத்துத் தரை காலியாக இருந்தது. மூச்சு முட்டுகிறது என்று யார் சொன்னாலும் முதலில் நம்பிவிடும் வழக்கம் மட்டும் உன்னிடமிருந்து என்னோடு தங்கிவிட்டது.

இதை வேறு யாரேனும் படிக்க நேர்ந்தால் ஒன்று செய்யுங்கள். பக்கத்தில் ஒருவரைப் படுக்கச் சொல்லி, வயிற்றின் மேல் ஆளுக்கொரு தீப்பெட்டி வைத்து, மெல்ல மூச்சை இழுத்துப் பாருங்கள்.