பச்சைச் சீட்டில் ஒரு பெயர்

கடலூர் முதுநகர்
3-8-2025

அன்பு மச்சான் மணவாளனுக்கு,

கண்ணாயிரம் எழுதுகிறேன். யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை. என் கை, என் பேனா. சந்தேகமாக இருந்தால் வரிகள் போகும் கோணலைப் பார்த்துக்கொள். பிரிசில்லா டீச்சரின் சாயங்கால வகுப்புக்கு ஏழு மாதமாகப் போகிறேன். உன் போன் நம்பர் இருக்கிறது. ஆனாலும் அறுபத்தேழு வயதில் கிடைத்த எழுத்தை வைத்துக்கொண்டு போனில் பேச மனம் வரவில்லை. இந்தக் கடிதம் நான்கு சாயங்காலம் எழுதியது.

ஐஸ் கம்பெனியில் இப்போது கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுவது என் வேலை. முதலாளியின் மகள் ஸ்ரீமதி பொறுப்பெடுத்திருக்கிறார். அந்தப் பெண் புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறது. ஆபீஸ் வாசலில் பச்சைச் சீட்டும் ஒரு பெட்டியும் வைத்திருக்கிறார்கள். கூட வேலை செய்கிறவருக்கு நன்றி சொல்ல வேண்டுமானால் எழுதிப் போடலாம். சனிக்கிழமை டீ நேரத்தில் எல்லார் முன்னாலும் படிப்பார்கள். சீட்டில் மூன்று வரி: யார், என்ன செய்தார், எப்போது.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். லோடு ஏற்றும் வைத்திலிங்கத்திடம் சும்மா ஒரு நாள் "நன்றிப்பா" என்றேன். "என்னா மாமா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

என் முதல் சீட்டு உனக்குத்தான் மச்சான். பதினான்கு வருடம் முன்பு ஐஸ் உடைக்கும் மிஷின் என் துண்டைக் கவ்வி இழுத்ததே, அந்த நாளுக்காக. மிஷின் நின்றது. கண்ணைத் திறந்தால் நீ என் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தாய். நான் என்ன சொன்னேன்? "புதுத் துண்டுடா, கிழிச்சிட்டியே!" அதற்குப் பிறகு வேறு எதுவும் சொல்லவே இல்லை.

யார் என்ற வரியில் உன் பெயரை எழுதிவிட்டேன். இரண்டாவது வரியில்தான் நின்றுவிட்டேன். மிஷினை நிறுத்தினார் என்று எழுதப் போனேன். எழுதுவதென்றால் சரியாக எழுத வேண்டுமே என்று மிஷின் கொட்டகைக்குப் போய் நடந்து பார்த்தேன். சுவிட்ச் இருக்கும் கதவோரத்திலிருந்து மிஷினுக்கு இருபத்திரண்டு காலடி. நிறுத்தியதும் நீ, அதே நொடியில் என் தலையைப் பிடித்ததும் நீ. எப்படி மச்சான் முடிந்தது? ஓடி வந்தாயா? தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. எழுது.

உன்
கண்ணாயிரம்
(இந்தக் கையெழுத்தை மட்டும் நூறு முறை போட்டுப் பழகினேன்)


சிதம்பரம்
9-8-2025

அன்புள்ள மச்சான்,

உன் கடிதத்தைக் கடையில் வைத்து மூன்று முறை படித்தேன். உன் எழுத்து கோணல் இல்லை. என் மகனுடையதைவிட நன்றாக இருக்கிறது.

பச்சைச் சீட்டு விஷயம் எனக்குப் பிடித்துப்போனது. நம் டிபன் கடையிலும் செய்து பார்த்தேன். தோசை மாஸ்டர் ஆண்டி ஒன்பது வருடமாக என்னிடம் இருக்கிறான். காலைக் கூட்டம் முடிந்ததும் கூப்பிட்டு, "ஆண்டி, நீ இல்லன்னா இந்தக் கடை இல்ல, ரொம்ப நன்றி" என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "என்னா ஓனரே, ஆளு மாத்தப் போறீங்களா? நேரா சொல்லிடுங்க" என்றான். சமாதானம் செய்வதற்குள் ஒரு தோசை கருகிவிட்டது. மறுநாள் அவன் மனைவியே வந்து, "இவரு எதுனா தப்பு பண்ணிட்டாரா?" என்று கேட்டாள். ஒரு நல்ல வார்த்தைக்கு இவ்வளவு பயமா! நாம் எப்படிப்பட்ட முதலாளியாக இருந்திருக்கிறோம் என்று தோன்றியது.

பழைய கதையெல்லாம் எதற்கு? நீ நன்றாக இருக்கிறாய், அது போதும். அந்தச் சீட்டை வேறு யாருக்காவது எழுது. இங்கே கீழ வீதியில் கூட்டம் ஜாஸ்தி. மூட்டுவலி அப்படியே இருக்கிறது.

உன்
மணவாளன்


கடலூர் முதுநகர்
17-8-2025

அன்பு மச்சான்,

உன் கடிதத்தை ஒரு மணி நேரம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆண்டி கதைக்கு வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் நான் கேட்டதற்கு மட்டும் அதில் பதில் இல்லை. இரண்டு தரம் தேடினேன், படிக்கத் தெரியாமல் விட்டுவிட்டேனோ என்று.

அதனால் நானே யோசித்தேன். அந்த வருடம் சுவிட்சின் கைப்பிடி உடைந்து கிடந்தது, நினைவிருக்கிறதா? கரண்ட் அடிக்கும் என்று யாரும் கை வைக்க மாட்டோம். மரக்கட்டையால் ஓங்கி அடித்துத்தான் நிறுத்துவோம். நீ என் தலைமாட்டில் இருந்தபோது உன் கையில் கட்டை இல்லை. ஆனால் கதவோரம் ஒரு மூங்கில் கழி இரண்டாக ஒடிந்து கிடந்ததைத் தரையில் படுத்தபடி பார்த்தேன். நம் தண்ணீர் தள்ளும் துடைப்பத்தின் கழி.

கொட்டகையைப் பெருக்குகிறவர் அன்றும் இன்றும் சவரியம்மாள்தான். மிஷின் கவ்விய அடுத்த வாரம் அவர் புதுத் துடைப்பம் கேட்டு நின்றபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு தொடப்பத்த ஒழுங்கா வெச்சிக்கத் தெரியல, நீயெல்லாம் வேலைக்கு வந்துட்ட." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போதுதான் என் காதில் விழுகிறது.

நேற்று கேட்டுவிட்டேன். "அன்னிக்கி மிஷின நிறுத்துனது நீயா?" தண்ணீரைத் தள்ளிக்கொண்டே, "மிஷினு நின்னுதா இல்லியா? நின்னுது. நீ இருக்கியா? இருக்கிற. அப்புறம் என்னா கேள்வி? காலத் தூக்கு" என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வருகிற 30-ம் தேதி சனிக்கிழமை சவரியம்மாளுக்குக் கடைசி நாள். இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அவர் பெயர் எழுதிய பச்சைச் சீட்டு இதுவரை ஒன்றுகூடப் பெட்டியில் விழவில்லை. அன்றைக்கு நான் ஒரு சீட்டுப் படிக்கப் போகிறேன்.

என்னைக் காப்பாற்றியதற்காகத்தான் முதலாளி உன்னை மேஸ்திரி ஆக்கினார். அது உனக்கும் தெரியும், இங்கே எல்லோருக்கும் தெரியும். உன் பெயரைப் படித்தால் அது பொய்யாகிவிடுமோ என்று பயம். அவர் பெயரைப் படித்தால் உன்னைப் பற்றிப் பேசுவார்கள். நீ எனக்கு முப்பது வருடச் சிநேகிதன். நீயே சொல், எந்தப் பெயரை எழுதட்டும்? நீ எழுதுவதையே நம்புகிறேன்.

கண்ணாயிரம்


சிதம்பரம்
24-8-2025

மச்சான்,

சவரியம்மாள் பெயரை எழுது.

துடைப்பத்தால் அவர் சுவிட்சை அடித்ததை நான் பார்த்தேன். கழி ஒடிந்த சத்தமும் கேட்டது. மிஷின் நின்ற பிறகுதான் நான் உன்னிடம் ஓடி வந்தேன். நான் செய்தது உன் தலையைத் தூக்கியது மட்டும்.

முதலாளி வந்து என் முதுகில் தட்டி, "இவன்தான்யா ஆளு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். மறுநாள் மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள். அதன் பிறகு வாய் வரவில்லை. மூன்று வருடம் மேஸ்திரியாக இருந்தேன். அந்த மூன்று வருடமும் சவரியம்மாள் இருக்கும் இடத்தில் நின்று ஒரு கிளாஸ் டீ குடிக்க என்னால் முடியவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சொந்தக் கடை வைக்க ஆசை என்று சொல்லித்தான் வேலையை விட்டேன். நிஜம் இதுதான்.

நான் எழுதிய சீட்டு ஒன்று உள்ளே இருக்கிறது. பச்சைத் தாள் கிடைக்கவில்லை, கடை பில்லின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உன்னுடையதோடு சேர்த்து இதையும் படி. என் பெயரை விடாதே. எனக்கு நேரில் வர முகம் இல்லை.

மணவாளன்


கடலூர் முதுநகர்
31-8-2025

அன்பு மச்சான்,

நேற்று படித்தேன். முதலில் என்னுடையது. யார்: சவரியம்மாள். என்ன செய்தார்: துடைப்பத்தால் சுவிட்சை அடித்து மிஷினை நிறுத்தி என் உயிரைக் காப்பாற்றினார், நான் அவரைக் கேலி செய்தேன். எப்போது: பதினான்கு வருடம் முன்பு. இரண்டு இடத்தில் தடுக்கியது, ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு உன் பில்லைத் திருப்பிப் படித்தேன். "நான் பார்த்தேன், சொல்லவில்லை" என்ற இடத்தில் எல்லோரும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள். உன்னைப் பற்றி முணுமுணுத்தார்கள், மறைக்க மாட்டேன். ஸ்ரீமதி எழுந்து நின்று சவரியம்மாளைக் கும்பிட்டார்.

சவரியம்மாள் இரண்டு சீட்டையும் கையில் வாங்கி, "இதுல என் பேரு எது?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்ளோ நீளமா?" என்றார். பிறகு சுற்றிப் பார்த்து, "மேஸ்திரி வரலியா?" என்று கேட்டார்.

"சீட்டு அனுப்பியிருக்கான்."

"சீட்டு வந்து டீ குடிக்குமா? அவுருக்கும் சேத்து ஒரு கிளாஸ் ஊத்தச் சொன்னேன். ஆறிப்போச்சி பாரு."

அவரே சொன்னார்: "என் மவ சிதம்பரத்துலதான இருக்கா. அடுத்த ஞாயித்துக்கெழம போறேன். நீயும் வா. அந்தாளு கடையில, அவுரு கையால போட்ட டீ குடிக்கணும். மாஸ்டர் போட்டா தொட மாட்டேன்னு எழுதிடு."

எழுதிவிட்டேன்.

7-ம் தேதி காலை பத்து மணிக்கு வருகிறோம். ஊரில் இல்லை, மூட்டுவலி என்று எதையும் சொல்லாதே. மூன்று கிளாஸ் டீ போடு. மூன்றாவது உனக்கு. எங்கள் எதிரில் நின்று நீ குடிக்க வேண்டும்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு எனக்கு என்று இப்போதே சொல்லிவிட்டேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று வழியில் உள்ள போர்டையெல்லாம் படித்துக்கொண்டே வருவேன். உன் கடை திறப்புக்கு வந்தபோது உன் போர்டு எனக்கு வெறும் படமாகத்தான் தெரிந்தது. கடைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று பதினோரு வருடமாக யாரையும் கேட்டதில்லை. நீயும் எழுதிவிடாதே. வந்து நானே படிக்கிறேன்.

உன்
கண்ணாயிரம்