‘சூடு’ என்று எழுதிய விளக்கு

8-1-1973, திங்கள்

சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. இஞ்சின் இன்னும் ஓடவே இல்லை. பனியில் நனைந்து கிடந்த முதலாளி வீட்டுக் கார். நான்தான் துடைத்தேன், கை விறைத்துப் போனது. ஆனால் எரிந்தது ‘சூடு’ என்று எழுதிய விளக்கு. டிரைவர் பாக்கியராஜ் அண்ணன் ஸ்டார்ட் செய்தார். விளக்கு அணைந்தது.

குளிர்ந்த இஞ்சினுக்கு என்ன சூடு? கேட்க நினைத்தேன். வழக்கம்போல வாய் வரவில்லை.

9-1

இதே காரைத்தான் என்னைப் பெற்ற நைனா ஓட்டினார். போன ஆடியில் பழைய இஞ்சினைத் தூக்கிவிட்டு வேறொரு வண்டியின் இஞ்சினை வைத்தார்கள். ஐப்பசியில் அது நடுரோட்டில் இறுகி நின்றுவிட்டது. “லைட்டு எரிஞ்ச ஒடனே நிறுத்தினேன் மொதலாளி, தண்ணி ஊத்தினேன்” என்று நைனா சொல்லச் சொல்ல, துளசிராமன் முதலாளி செருப்பைக் கழற்றி அடித்தார். ரைஸ்மில் ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “குடிச்சிட்டு ஓட்டிக்கினு வந்துகீறான்” என்றார். நைனா குடிக்கவே மாட்டார்.

இஞ்சினைச் சரிசெய்து மறுபடி வைத்துவிட்டார்கள். நைனாதான் அன்றிலிருந்து வெளியே போவதில்லை. நான் பள்ளிக்கூடம் போவதில்லை. கும்மிடிப்பூண்டியில் வேறு யாரும் எங்களுக்கு வேலை தரவில்லை – தரக்கூடாது என்று முதலாளி சொல்லி வைத்திருக்கிறார். அதனால் அவர் வீட்டு வாசலையே பெருக்குகிறேன்.

வாசற்படியில் அதே செருப்பு. தினமும் அதைத் தாண்டிப் போகிறேன்.

12-1

நைனாவிடம் கேட்டேன். “அந்த சூடு லைட்டு சாவி போட்ட ஒடனே எரியுமா?”

“எரியும். பல்பு நல்லா கீதான்னு காட்டுதுன்னு எலக்ட்ரீசியன் அப்பாவு சொன்னான். ஏன்?”

“சும்மா.”

“வழக்கமா ஆயில் லைட்டுதான் அப்பிடி. இஞ்சின் ஓடினாத்தான் ஆயில் ஏறும், அப்பதான் அணையும்.”

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

13-1

அது ஆயில் விளக்கு! இஞ்சினை மாற்றினபோது சூடு, ஆயில் இரண்டு விளக்கின் வயரையும் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். அன்றைக்குத் தீர்ந்தது ஆயில். நைனா ஊற்றியது தண்ணீர். எழுதியிருந்ததை நம்பினார் – அதற்கா செருப்படி?

17-1

வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டியிருக்கிறது. மறுபடி இறுகினால் அடி பாக்கியராஜ் அண்ணனுக்கு. அவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னேன். ஆயில் பில்டருக்குப் பக்கத்தில் போகும் வயரை – ஆயில் விளக்கின் வயர் என்று நைனா முன்பு காட்டியது – உருவிப் பார்க்கச் சொன்னேன்.

“இன்னாமே, நீ எப்போ மெக்கானிக் ஆன?” என்று சிரித்தார். உருவினார். சாவியைத் திருப்பினால் ‘சூடு’ எரியவில்லை. மாட்டினார். எரிந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. “அடப்பாவிங்களா… உங்க நைனாவ அநியாயமா…” இப்போதே போய் முதலாளியிடம் சொல்கிறேன் என்று கிளம்பினார். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“சொல்லாதீங்கண்ணே. சோழவரத்துக்கு கார் ரேஸ் பாக்கப் போற அன்னிக்கு மொதலாளியேதானே ஓட்டுவாரு?”

அவர் பானட்டை மூடினார். “வாயே தொறக்காத பொண்ணுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றார்.

25-1

சொட்டின இடத்தில் மணலைப் போட்டுப் பெருக்கிவிட்டேன்.

1-2, வியாழன்

அண்ணன் தினமும் குறைந்த ஆயிலை ஊற்றிவைப்பார். இன்று ஊற்றவில்லை. “எனக்கு ஒண்ணியும் தெரியாது, சொல்லிட்டேன்” என்றார்.

பாவமா இது? செருப்பு ஓங்கினபோது யாரும் அதைக் கேட்கவில்லையே.

4-2, ஞாயிறு

சோழவரத்தில் ரேஸ். முதலாளி வெள்ளை பேண்ட், கூலிங் கிளாஸ். பக்கத்தில் மச்சான். “நம்ம வண்டியப் பாத்தா ரேஸ்காரனே மயங்கிடுவான்” என்று மச்சானிடம் பெருமை. சூடு ஏறினால் ஊற்றுவதற்கு ஒரு கேன் தண்ணீர்.

நான்தான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

5-2

மறுபடி இறுகி நின்ற காரை லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். மெக்கானிக் பானட்டைத் திறந்து தலையில் கை வைத்துக்கொண்டார். மில் ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

“லைட்டு எரிஞ்ச ஒடனே நிறுத்தினேன்யா!” – முதலாளி கத்தினார். “தண்ணி ஊத்தினேன்! கவரைப்பேட்டையிலயே ஊத்தினேன்! ரேஸ் கேட்டாண்ட வந்து நின்னுடுச்சி. அத்தினி பேரும் பாத்து சிரிக்கிறான்!”

மூட்டை தூக்கும் மோசஸ் மாமா இருமினார்.

“எங்க நைனாவும் அதையேதான் சொன்னாரு.”

என் குரல்தான். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. எல்லாத் தலையும் திரும்பியது. முதலாளி என் பக்கம் ஓரடி வைத்தார். கை எழவில்லை. மில் ஆட்கள் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

“இன்னா பாப்பா, உனக்கு எதுனா தெரியுமா?” என்று மெக்கானிக் கேட்டார்.

தலையை ஆட்டி இல்லை என்றேன். மீதி வாசலைப் பெருக்கினேன்.